மார்னிங்டன் தீபகற்பம்: போகுமுன் கேட்கும் கேள்விகள்

மெல்பர்னுக்கு வரும் உறவினர்களை எங்கே அழைத்துப் போவது என்ற பேச்சு வந்தால், கிரேட் ஓஷன் ரோடும் ஃபிலிப் தீவுப் பெங்குவின்களும்தான் முதலில் நினைவுக்கு வரும். மார்னிங்டன் தீபகற்பம் அதற்கு அடுத்துத்தான். அதுவும் "ஒயின் குடிக்கிறவங்க போற இடம்" என்று ஒரு முத்திரை குத்திவிடுகிறார்கள். குடிக்காதவர்களுக்கும் அங்கே ஒரு முழு நாள் போதாது என்பதை வலியுறுத்திச் சொல்லவே இந்தப் பக்கம். நம் குடும்பங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கே இருக்கிறது? எவ்வளவு நேரம் ஆகும்?

மெல்பர்ன் நகருக்குத் தென்கிழக்கே, பூட்ஸ் காலணி போல வளைந்து கடலுக்குள் நீளும் நிலம். மேற்கிலும் வடக்கிலும் போர்ட் ஃபிலிப் விரிகுடா, கிழக்கே வெஸ்டர்ன் போர்ட் விரிகுடா, தெற்கே பாஸ் நீரிணை. மூன்று பக்கமும் தண்ணீர். பூனுரங் மக்களின் பூர்வ நிலம் இது.

நகர மையத்திலிருந்து திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ரெட் ஹில்லுக்குக் காரில் ஒன்றேகால் மணி நேரம். முனையில் இருக்கும் சொரென்டோ, போர்ட்சீ வரை போக ஒன்றரை மணிக்குக் குறையாது. ஜனவரி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் ரோஸ்பட் என்ற ஊரைத் தாண்டிய பிறகு வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அந்த நாட்களில் காலை எட்டு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

ஈஸ்ட்லிங்க் சாலைக்குச் சுங்கம் உண்டு. அதன் தொடர்ச்சியாக 2013இல் திறந்த பெனின்சுலா லிங்க் சாலைக்குக் கிடையாது. வாடகைக் கார் எடுத்தால் சுங்கத்தை எப்படிப் பிடிப்பார்கள் என்று எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஏன் இவ்வளவு திராட்சை? கடலோரத்தில் ஒயின் திராட்சை வளருமா?

கடல் இருப்பதால்தான் வளர்கிறது. கோடையில் மெல்பர்ன் நகரம் 38 டிகிரியில் வேகும்போதுகூட, மாலையில் தெற்கேயிருந்து காற்று திரும்பினால் ரெட் ஹில் சட்டென்று குளிர்ந்துவிடும். குளிர்காலத்திலோ, சுற்றியுள்ள தண்ணீர் கடுமையான உறைபனியைத் தள்ளி வைக்கிறது. அதிக வெப்பமும் இல்லை, அதிகக் குளிரும் இல்லை. பழம் அவசரப்படாமல் மெல்லப் பழுக்கிறது. பினோ நுவார் என்ற கறுப்பு ரகத்துக்கு இதுதான் வேண்டும். மெல்லிய தோல், நெருக்கிப் பிடித்த சிறிய குலை. வெயில் அதிகமானால் மணம் போய்விடும், ஈரம் அதிகமானால் குலைக்குள்ளேயே அழுகிவிடும். ஷார்டனே, பினோ கிரி என்ற வெள்ளை ஒயின் ரகங்களும் இங்கே நன்றாக வருகின்றன.

இந்தச் சிறிய இடத்துக்குள்ளேயே மேல், கீழ் என்று இரண்டு உலகம் உண்டு. உள்ளூர் ஒயின்காரர்கள் 'மலைக்கு மேலே', 'மலைக்குக் கீழே' என்றுதான் பேசுவார்கள். மேலே மெயின் ரிட்ஜும் ரெட் ஹில்லும். எரிமலைப் பாறை மக்கிய செம்மண், அதிகக் குளிர். கீழே மூருடக், டுயெராங், ட்ரொமானா பக்கம். மண் மஞ்சளும் சாம்பலுமாக இருக்கும், வெப்பம் கொஞ்சம் கூடுதல். ஒரே ரகம்தான், ஆனாலும் கீழே பறித்து முடித்த பிறகுதான் மேலே தொடங்குவார்கள். ஒரே நாளில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தோட்டங்களின் பினோவைச் சுவைத்துப் பாருங்கள். கீழே உள்ளதில் பழச்சாறு தூக்கலாக இருக்கும். மேலே உள்ளதில் புளிப்பும் மணமும் முந்திக்கொள்ளும்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைப் பந்தலில் படரவிட்டு ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோட்டம் வேறு மாதிரித் தெரியும். இங்கே கொடியைத் தாழ்வான கம்பியில் கட்டி, தளிர்களை நேராக மேலே நிறுத்துகிறார்கள். காற்று இலைகளுக்குள் புகுந்து ஈரத்தை உலர்த்த வேண்டும் என்பதற்காக. ஆண்டுக்கு ஒரே ஒரு அறுவடை. நவம்பர், டிசம்பரில் பூக்கும் சமயத்தில் பாஸ் நீரிணைக் காற்று பலமாக அடித்துவிட்டால் பிஞ்சு பிடிக்காது. அந்த வருட விளைச்சல் அப்போதே பாதி போய்விடும்.

இதெல்லாம் ரொம்பப் பழைய கதையும் இல்லை. ரெட் ஹில் ஒரு காலத்தில் ஆப்பிள் ஊர். இன்றைய ஒயின் தோட்டங்களின் கதை 1972இல் எல்கீ பார்க் என்ற தோட்டத்தில் தொடங்குகிறது. நாட் ஒயிட் என்ற பொறியாளரும் அவர் மனைவி ரோசலியும் 1975இல் மெயின் ரிட்ஜ் எஸ்டேட்டை நட்டார்கள். லின்ட்சே மெக்கால் என்ற பள்ளி ஆசிரியர் 1984இல் ஒரு பாழடைந்த பழத்தோட்டத்தை வாங்கினார். அதுதான் இன்று பேர்பெற்ற பாரிங்கா எஸ்டேட். பெரிய கம்பெனிகள் வந்து கட்டிய ஊர் இல்லை இது. குடும்பங்கள் கைக்காசைப் போட்டுச் செய்து பார்த்த ஊர். அதனால்தான் இன்றும் பல இடங்களில் ஊற்றிக் கொடுப்பவரிடமே தோட்டத்தைப் பற்றிக் கேட்க முடிகிறது.

எந்த மாதம் போவது நல்லது?

மார்ச், ஏப்ரல். யோசிக்கவே வேண்டாம். வெயில் தணிந்திருக்கும், கடல் தண்ணீர் இன்னும் குளிக்கும் பதத்தில் இருக்கும், கோடை விடுமுறைக் கூட்டம் போயிருக்கும். முக்கியமாக, அறுவடை நடந்துகொண்டிருக்கும். ரகத்தையும் உயரத்தையும் பொறுத்து, பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை பறிப்பார்கள். அப்போது சாய்வு முழுக்க வெள்ளை வலை போர்த்தியிருக்கும். பழம் இனிப்பேறும் நேரத்தில் பறவைகள் விடாது. பறித்த பழம் நொதிக்கும் கொட்டகைப் பக்கம் போனால் புளித்த மாவும் பழமும் கலந்தது போல ஒரு வாசனை வரும். அந்த வாசனை ஆண்டில் சில வாரங்களுக்குத்தான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொடிகள் மொட்டையாக நிற்கும், மழையும் காற்றும் இருக்கும். ஆனால் செல்லர் டோர் என்ற தோட்டத்துச் சுவைக்கூடத்தில் கணப்பு எரியும், கூட்டம் இருக்காது, ஊற்றுகிறவருக்குப் பேச நேரம் கிடைக்கும். பாஸ் நீரிணையில் திமிங்கிலம் தென்படுவதும் இந்த மாதங்களில்தான். அதற்குச் சற்று முன்னால் மே, ஜூனில் ராய், பிளேர்கவுரி படகுத்துறைகளின் அடியில் பெரிய சிலந்தி நண்டுகள் ஆயிரக்கணக்கில் வந்து கூடும். பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு வளரும் நேரம் அது. ஓடு மெத்தென்று இருக்கும்போது கூட்டமாக இருந்தால்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு.

எந்த மாதம் போனாலும் ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை வண்டியில் இருக்கட்டும்.

ஒரே நாளில் எல்லாம் பார்த்துவிடலாமா?

முடியாது. முயற்சியும் செய்ய வேண்டாம். வெந்நீர் ஊற்று, ஸ்ட்ராபெர்ரி, கேபிள் கார், மூன்று ஒயின் கடை, கலங்கரை விளக்கம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பகுதி நேரத்தைக் காருக்குள்தான் கழிக்கிறார்கள்.

என் யோசனை: காலையில் கடல், மதியத்துக்கு மேல் மலை. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. முதலில் கேப் ஷாங்க் என்ற கடல்முனையில் நின்று அந்தத் தெற்குக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு கால் மணி, இருபது நிமிடத்தில் ரெட் ஹில் ஏறிப் போய் ஒரு கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால், அந்த ஒயின் ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தவிர, செல்லர் டோர்கள் பெரும்பாலும் 11 மணிக்குத்தான் திறக்கும், 5 மணிக்கு மூடிவிடும்.

கேப் ஷாங்க் கலங்கரை விளக்கம் 1859இல் கட்டியது. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே காட்சி மேடை இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் அங்கிருந்தே கருங்கல் முனையையும் புல்பிட் ராக்கையும் பார்க்கலாம். நடக்க முடிந்தவர்கள் மரப்படிகளில் இறங்கிக் கூழாங்கல் கரை வரை போகலாம். இன்னும் தெம்பு இருந்தால் புஷ்ரேஞ்சர்ஸ் பே நடைபாதை. போக வர 5 கிலோமீட்டருக்கு மேல். விடியலிலும் அந்தியிலும் அங்கே கங்காரு நிற்பதைப் பார்க்கலாம்.

இரண்டு நாள் கிடைத்தால் இரண்டாவது நாளைச் சொரென்டோ, பாயின்ட் நெப்பியன் பக்கம் ஒதுக்குங்கள். அங்கிருந்து மறுகரையில் இருக்கும் குவீன்ஸ்கிளிஃபுக்குக் கார் ஏற்றும் ஃபெரி ஓடுகிறது, சுமார் 40 நிமிடம். கிரேட் ஓஷன் ரோடு போக நினைப்பவர்கள் மெல்பர்னுக்குத் திரும்பாமலே அந்தப் பக்கம் கடந்துவிடலாம். பலருக்கு இது தெரியாது.

கார் இல்லாமல் போக முடியுமா?

கடலோர ஊர்களுக்கு முடியும். ஃபிராங்ஸ்டன் வரை ரயில், அங்கிருந்து 788 பேருந்து. மார்னிங்டன், ட்ரொமானா, ராய், சொரென்டோ வழியாகப் போர்ட்சீ வரை போகும். மெல்பர்ன் ரயில், பேருந்துக்கான மைக்கி அட்டையே போதும். பொறுமை வேண்டும், நேர அட்டவணையும் கையில் இருக்க வேண்டும். மலை மேலுள்ள தோட்டங்களுக்கு இப்படிப் போவது நடைமுறையில் சரிப்படாது. ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு நடைபாதை இல்லாத வளைவுச் சாலைதான். அதற்கு மெல்பர்னிலிருந்து கிளம்பும் ஒருநாள் ஒயின் சுற்றுலா வேன்தான் சரியான வழி.

வெளிநாட்டு ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் சுற்றுலா வந்தவர்கள் அதை வைத்தே ஓட்டலாம். இந்தியாவில் இருப்பது போலவே இடது பக்கம்தான்.

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அப்பா, அம்மாவை அழைத்துப் போனால் சங்கடமாக இருக்குமா?

இருக்காது. குடிப்பதற்கான பார் மாதிரி இடங்கள் இல்லை இவை. பட்டப்பகலில், குடும்பம் குடும்பமாக, பாட்டி முதல் கைக்குழந்தை வரை வந்து உட்காரும் தோட்டங்கள். பாயின்ட் லியோ எஸ்டேட்டில் கடலைப் பார்த்த சரிவில் பெரிய பெரிய சிற்பங்கள் வைத்திருக்கிறார்கள். நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு நிதானமாகச் சுற்றி வரலாம், பாதை சமமாக இருக்கும். மான்டால்டோவிலும் சிற்பப் பாதை உண்டு. காபியோ பழச்சாறோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் ஏன் ஒயின் வாங்கவில்லை என்று கேட்க மாட்டார்கள்.

ஆர்தர்ஸ் சீட் இந்தத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த இடம், 300 மீட்டருக்குச் சற்று மேல். 2016இல் தொடங்கிய ஈகிள் கேபிள் காரில் ட்ரொமானா அடிவாரத்திலிருந்து மேலே போகலாம். பெட்டி மூடியிருக்கும், பெரியவர்கள் பயப்பட வேண்டியதில்லை. வானம் தெளிவாக இருந்தால் விரிகுடா முழுவதும், அக்கரையில் மெல்பர்னின் உயரக் கட்டடங்களும் தெரியும். பணம் கொடுக்க விருப்பமில்லை என்றால் காரிலேயே மேலே போய்விடலாம், காட்சி அதேதான்.

மெயின் ரிட்ஜில் இருக்கும் சன்னி ரிட்ஜ் தோட்டத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நாமே ஸ்ட்ராபெர்ரி பறிக்கலாம். மாமியார், மருமகள், பேரன் என்று மூன்று தலைமுறையும் குனிந்து பறிக்கிற காட்சியை வார இறுதியில் போனால் பார்க்கலாம். செப்டம்பர் முதல் மே வரை மாதத்தின் முதல் சனிக்கிழமை ரெட் ஹில் சந்தை கூடும்.

செல்லர் டோரில் என்ன நடக்கும்? எனக்கு ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாதே?

தெரியாமல் போவதுதான் நல்லது. செல்லர் டோர் என்றால் தோட்டத்திலேயே இருக்கும் சுவைக்கூடம். தீபகற்பத்தில் இப்படிச் சுமார் 50 இருக்கின்றன. டேஸ்டிங் என்று கேட்டால் ஐந்தாறு ஒயின்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மிடறு அளவு ஊற்றுவார்கள். வெள்ளை முதலில், சிவப்பு பிறகு. இதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் இருக்கும். பாட்டில் வாங்கினால் பல இடங்களில் அதைக் கழித்துவிடுவார்கள். வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், அதிலும் ஆறு பேருக்கு மேல் என்றால்.

கோப்பையைத் தண்டைப் பிடித்துத் தூக்குங்கள். மேசையில் வைத்தபடியே இரண்டு சுற்றுச் சுற்றி, மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். பினோவில் செர்ரியோ, நனைந்த மண்ணோ, கிராம்போ எது தோன்றினாலும் சரி. நம் சமையலறையில் வளர்ந்த மூக்குக்கு மசாலா வாசனைகள் சுலபமாகப் பிடிபடும், தயங்காமல் சொல்லுங்கள். ஊற்றுகிறவருக்கு அது மகிழ்ச்சி. ஒரு சின்ன மிடறு எடுத்து வாய் முழுக்கப் பரவவிட்டு, விழுங்கலாம் அல்லது பக்கத்தில் இருக்கும் கிண்ணத்தில் துப்பலாம். துப்புவது இங்கே அநாகரிகம் இல்லை. தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்வார்கள். பிடிக்காத ஒயினை அந்தக் கிண்ணத்தில் கவிழ்த்துவிடலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

நல்ல பேச்சைத் தொடங்க ஒரு கேள்வி போதும்: "இந்தப் பழம் எந்தச் சரிவிலிருந்து வந்தது?" 'டென் மினிட்ஸ் பை டிராக்டர்' என்ற தோட்டத்தின் பெயரே அப்படிப் பிறந்ததுதான். மூன்று குடும்பங்களின் மூன்று தோட்டங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு டிராக்டரில் பத்து நிமிடம். அங்கே தனித்தனிச் சரிவின் பழத்தைத் தனித்தனிப் பாட்டிலில் அடைக்கிறார்கள். ஒரு சாலையைத் தாண்டினால் சுவை எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போக வேண்டாம். பக்கத்தில் முகர்கிறவருக்கு அது பெரிய தொந்தரவு.

ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தில் நாக்கு வேலை செய்யாது.

கார் ஓட்டுகிறவர் ஒரு டேஸ்டிங் செய்யலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். விக்டோரியா மாநிலத்தில் முழு உரிமம் உள்ளவர்களுக்கு இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எல் பலகை (ஓட்டப் பழகுகிறவர்கள்), பி பலகை (புதிதாக உரிமம் பெற்றவர்கள்) உள்ளவர்களுக்குப் பூஜ்யம். கணக்குப் பார்த்தால், 30 மில்லி வீதம் ஐந்து ஊற்றினால் 150 மில்லி. 13 சதவீத ஒயினில் அது ஒன்றரை 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்'. ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்பது 10 கிராம் ஆல்கஹால். இரண்டு இடம் போனால் மூன்று ஆகிவிடும். உடல் எடை, சாப்பிட்ட சாப்பாடு, ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து எங்கே 0.05ஐத் தாண்டுவோம் என்று யாராலும் ஊகிக்க முடியாது. வழியில் போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்வது இந்தச் சாலைகளில் சாதாரணம். விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு குற்றப் பதிவு பின்னால் எவ்வளவு சிக்கலைக் கொண்டுவரும் என்றும் யோசியுங்கள்.

ஓட்டுகிறவர் முகர்ந்து பார்த்துவிட்டு, பிடித்த பாட்டிலை வாங்கி வீட்டில் திறக்கட்டும்.

கொடி வரிசைக்குள் போய்ப் படம் எடுக்கலாமா?

கேட்காமல் நுழையவே கூடாது. பட்டுப்புடவையில் கொடிகளுக்கு நடுவே நின்றால் படம் அழகாக வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஃபிலாக்சரா என்று ஒரு நுண்ணிய பூச்சி இருக்கிறது. திராட்சை வேரைத் தின்று கொடியையே கொன்றுவிடும். மருந்து கிடையாது. பழைய கொடியைப் பிடுங்கிவிட்டு, எதிர்ப்பு உள்ள வேரில் ஒட்டுப்போட்ட கொடியை நடுவதுதான் வழி. செருப்பில் ஒட்டிய மண்ணிலும் துணியிலும் அது ஊர் விட்டு ஊர் பயணிக்கும். மெல்பர்னுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாரா பள்ளத்தாக்கில் 2006இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. நேற்று யாரா பள்ளத்தாக்குக்குப் போன அதே செருப்போடு இன்று இங்கே வரிசைக்குள் நடப்பது, ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பை ஆபத்தில் தள்ளுவதாகும். புல்வெளியில், வேலிக்கு வெளியே நின்று எடுத்தாலே கொடிகள் பின்னணியில் வந்துவிடும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? ஒயினே சைவம்தானா?

சாப்பாடு கிடைக்கும். பெரிய தோட்ட உணவகங்களில் சைவத்துக்கென்றே தனி மெனு உண்டு. முன்பதிவின்போதே 'முட்டையும் வேண்டாம், மீன் சாஸும் வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், நேரில் போய்ச் சொன்னால் தேர்வு குறைந்துவிடும். விறகடுப்புப் பீட்சா போடும் தோட்டங்கள் குழந்தைகளோடு போக வசதி. சீஸ் தட்டு வாங்கினால், விலங்கு ரெனெட் (பாலைத் திரைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள்) சேர்த்ததா என்று கேளுங்கள். புளியோதரைக் கட்டைச் செல்லர் டோரில் பிரிக்க முடியாது. அதற்கு ட்ரொமானா, ராய் கடற்கரைப் பூங்கா மேசைகள் இருக்கின்றன.

ஒயின் விஷயம் பலருக்குத் தெரியாது. கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவையோ, பால் புரதத்தையோ, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளையோ சில இடங்களில் பயன்படுத்துவார்கள். முட்டையும் பாலும் சேர்த்திருந்தால் லேபிளில் குறிப்பு இருக்கும். 'வீகன்' என்று போட்டிருந்தால் மூன்றும் இல்லை. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

எந்தக் கடற்கரையில் இறங்கிக் குளிக்கலாம்?

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். தீபகற்பத்துக்கு இரண்டு கடற்கரை. விரிகுடாப் பக்கம் இருப்பது 'ஃப்ரன்ட் பீச்', பாஸ் நீரிணைப் பக்கம் இருப்பது 'பேக் பீச்'. சொரென்டோவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம், ஆனால் இரண்டும் வெவ்வேறு கடல். ஃப்ரன்ட் பீச்சில் மவுன்ட் மார்த்தா, ட்ரொமானா, ராய் பக்கம் தண்ணீர் வெகுதூரம் வரை முழங்கால் அளவுதான். கரையில் வண்ண வண்ணமாக மரக்குடில்கள் வரிசை கட்டி நிற்கும். குழந்தைகளுக்கு ஏற்ற இடம்.

பேக் பீச் பார்ப்பதற்கு. இறங்குவதற்கு இல்லை. கன்னமட்டா, போர்ட்சீ பேக் பீச், ராய் பேக் பீச் எல்லாவற்றிலும் 'ரிப்' என்ற இழுநீரோட்டம் உண்டு. அலை அலையாக நுரைத்து உடையும் கடலில், நடுவே ஒரு பட்டை மட்டும் நுரையில்லாமல், கரும்பச்சையாக, சாதுவாகத் தெரியும். நீச்சல் தெரியாத ஆள் 'அங்கே அலை இல்லை' என்று அதில்தான் இறங்குவார். கரையில் மோதிய தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி அதுதான். சில நொடிகளில் ஆளை உள்ளே கொண்டுபோய்விடும். அகப்பட்டுவிட்டால் கரையை நோக்கிப் போராட வேண்டாம். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் வெறுங்கையோடு குதிப்பதால்தான் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர் போகிறது. அவசர உதவி எண் 000க்கு அழையுங்கள், மிதக்கும் எதையாவது எறியுங்கள்.

கோடையில் கன்னமட்டா, போர்ட்சீ போன்ற இடங்களில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். கொடி இல்லையென்றால் காலைக்கூட நனைக்க வேண்டாம். கடலோரப் பாறையில் ஏறிப் படம் எடுப்பதும் அதே அளவு ஆபத்து.

பாயின்ட் நெப்பியனில் என்ன இருக்கிறது?

தீபகற்பத்தின் கடைசி நுனி, தேசியப் பூங்கா. 1852இல் டிகொண்டரோகா என்ற கப்பல், வழியிலேயே சுமார் நூறு பேரைக் காய்ச்சலுக்குப் பலி கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தது. அதையடுத்து உருவான தனிமைப்படுத்தும் நிலையத்தின் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. சாமான்களை ஆவியில் வைத்துக் கிருமி நீக்கிய பெரிய இரும்பு அறைகளையும் பார்க்கலாம். நுனியில் நெப்பியன் கோட்டை. 1914 ஆகஸ்ட் 5 அன்று, விரிகுடாவை விட்டு வெளியேற முயன்ற ஃபால்ஸ் என்ற ஜெர்மன் கப்பலைத் தடுக்க இங்கிருந்து சுட்டார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பேரரசின் தரப்பிலிருந்து வெடித்த முதல் குண்டு அதுவே என்பார்கள். வழியில் இருக்கும் செவியட் கடற்கரையில்தான் 1967 டிசம்பர் 17 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட் நீந்தப் போய்க் காணாமல் போனார். உடல் கிடைக்கவே இல்லை. பேக் பீச் பற்றி மேலே சொன்னதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

கோட்டை வரை சொந்தக் கார் போகாது. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், பூங்காவின் சிறு பேருந்து ஓடும் நேரத்தைப் பார்த்துப் போகலாம்.

வெந்நீர் ஊற்று பெரியவர்களுக்குச் சரிவருமா?

ஃபிங்கலில் 2005இல் திறந்த பெனின்சுலா ஹாட் ஸ்பிரிங்ஸில் 637 மீட்டர் ஆழத்திலிருந்து 54 டிகிரியில் தண்ணீர் எடுத்து, பல குளங்களில் வெவ்வேறு சூட்டில் விடுகிறார்கள். பக்கத்திலேயே 2022இல் ஆல்பா என்று இன்னொன்றும் வந்திருக்கிறது. மூட்டுவலிக்காரர்கள் மிகவும் விரும்புவார்கள். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகட்டும். ஒயின் சுவைத்துவிட்டு இறங்கக் கூடாது, தலைசுற்றல் வரும். ஆகவே வெந்நீர் என்றால் காலை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். நீச்சல் உடை கட்டாயம். முழுக்கை நீச்சல் உடை போட்டுக்கொள்ளலாம், பலரும் அப்படித்தான் வருகிறார்கள். முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும்.

வழியில் கோயிலுக்குப் போகலாமா?

தாராளமாக. காரம் டவுன்ஸ் ஸ்ரீ சிவா விஷ்ணு கோயில் போகும் வழியிலேயே இருக்கிறது, நெடுஞ்சாலையிலிருந்து சில நிமிடம்தான். காலையில் முதலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பெரியவர்களுக்கும் திருப்தி. நடை திறக்கும் நேரம் வார நாட்களில் வேறு, வார இறுதியில் வேறு. பார்த்துக்கொண்டு போங்கள்.

பாட்டில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோகலாமா?

இந்தியாவுக்குப் போகிற பெரியவர் ஒருவர் சுங்கத் தீர்வை இல்லாமல் 2 லிட்டர் மது கொண்டுபோகலாம். 750 மில்லி பாட்டில் என்றால் இரண்டு. மூன்றாவது பாட்டில் 2.25 லிட்டர் ஆகிவிடும், கூடுதலுக்குத் தீர்வை கட்ட வேண்டும். கையில் எடுத்துப் போக முடியாது, பெட்டியில்தான். துணிகளுக்கு நடுவில், பெட்டியின் ஓரம் தொடாமல் வையுங்கள்.

ஒரே தோட்டத்தில் 300 டாலருக்கோ அதற்கு மேலோ வாங்கியிருந்து, வாங்கி 60 நாளுக்குள் நாட்டை விட்டுப் போவதாக இருந்தால், ஜிஎஸ்டியையும் ஒயின் வரியையும் விமான நிலையத்தில் திரும்பக் கேட்கலாம். வரி ரசீது வேண்டும் என்று வாங்கும்போதே சொல்லுங்கள். பெட்டியை விமானத்துக்குப் போடுமுன் எல்லைப் படை அலுவலகத்தில் பாட்டிலைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பெட்டியைப் போட்ட பிறகு நினைவு வந்தால் பயனில்லை.